பரண் மேல ரெண்டு ஜோடி

போன வருஷம் போகிக்கு ரெண்டு நாள் முன்னாடி நடந்தது இது. செம்மண்டலம் வீட்டுல பரணைக் காலி பண்ற வேலையை அக்கா என் தலையில கட்டிட்டாங்க. உடைஞ்ச கொலு பொம்மை, அப்பாவோட பழைய ரேடியோ, ஈயம் போன அண்டா இதுக்கெல்லாம் நடுவுல சாக்கு சுத்தின நீளமான மூட்டை ஒண்ணு. மேல ஏறி நின்ன அக்கா பையன், "என்னா மாமா இது, பந்தல் கழியா?"ன்னு கேட்டுக்கிட்டே கீழ இறக்கினான்.

பிரிச்சா, என்னோட ஸ்கீ! ரெண்டு ஜோடி. கனடாவுல பொட்டி தட்டிக்கிட்டு இருந்த காலத்துல வாங்கினது. 2009ல ஊரோட வந்தப்போ கூடவே வந்துச்சு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல்ல மாடி ஷீட்டே பறந்து போச்சு, இது மட்டும் பரணை விட்டு அசையல. ஆனா கடலூர் உப்புக்காத்து சும்மா விடுமா? ஓரத்துல இருக்கிற இரும்பு விளிம்பு பூரா செங்கல் கலர்ல துரு.

"இரும்புக்காரன்கிட்ட போட்டா எதாவது குடுப்பான்"னு அக்கா. மாப்ளைக்கு மட்டும் கண்ணு பளபளன்னு ஆயிடுச்சு. பயலுக்கு கால்கரியில மேல்படிப்புக்கு இடம் கிடைச்சு, ஆகஸ்ட்ல கிளம்பணும். "மாமா, நான் எடுத்துட்டுப் போறேன். அங்க வாங்கினா டாலர்ல ஆகும்ல?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த கேள்வி. "அது சரி, கால் ரெண்டுதானே. எதுக்கு ரெண்டு ஜோடி?"

அவன் ஒரு வரியில கேட்டுட்டான். எனக்கு பதில் சொல்லி முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. அதைத்தான் இங்க எழுதி வைக்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல அவனை சைக்கிளோட சில்வர் பீச்சுக்கு கூட்டிட்டுப் போனேன். காஞ்ச மணல்ல சைக்கிள் விட்டா டயர் புதைஞ்சு அப்படியே நின்னுடும். அதே சைக்கிளை அலை வந்து போன ஈர மணல்ல விட்டா ரோடு மாதிரி ஓடும். காஞ்ச மணல்ல ஓட்டணும்னா பட்டை டயர் வேணும். அந்த பட்டை டயரை தார் ரோட்டுக்கு கொண்டு வந்தா மிதிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். ஸ்கீ கதையும் இவ்வளவுதான். பனின்னா நாம எல்லாரும் ஒரே வெள்ளைன்னு நினைக்கிறோம். அதுல மொசைக் தரையும் உண்டு, கோலமாவும் உண்டு, புளிச்ச இட்லி மாவும் உண்டு.

மொசைக் தரைக்கு நான் பழகின இடமே சாட்சி. டொரண்டோவுல இருந்து ரெண்டு மணி நேரத்துல காலிங்வுட் பக்கத்துல ப்ளூ மவுண்டன்னு ஒரு இடம். பேருதான் மவுண்டன், மேல இருந்து கீழ வரைக்கும் உயரம் சுமார் 220 மீட்டர். மெஷின் வெச்சு பனியை ஊதி நிரப்புவாங்க. பகல்ல லேசா இளகும், ராத்திரி இறுகும். காலையில போய் நின்னா வெள்ளையா ஒரு தரை, அவ்வளவுதான். அங்க ஸ்கீ மிதக்க வேண்டியதே இல்ல, கடிக்கணும். அதனால இடுப்பு ஒல்லியா இருக்கணும். (ஸ்கீக்கு இடுப்புன்னா நடுவுல, கால் நிக்கிற இடத்தோட அகலம்.) 65ல இருந்து 80 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா விளிம்பு கிட்டத்தட்ட பாதத்துக்கு நேர் கீழ வந்துடும். லேசா சாய்ச்சாலே ஐஸை கவ்விக்கும். விளிம்பு கத்தி மாதிரி தீட்டி இருக்கணும். உடம்பும் விறைப்பா, நடுப்பகுதி தரையை விட்டு லேசா மேல எழும்பின வில் மாதிரி இருக்கணும். நாம ஏறி நின்னதும் அந்த வில் அமுங்கி, முனையும் வாலும் தரையை அழுத்திப் பிடிக்கும். என் முதல் ஜோடி இது, இடுப்பு 68.

இந்த ஜோடியை பெருமையா தூக்கிக்கிட்டு மேற்கு கனடாவுக்கு ஒரு தடவை போனேன். ராத்திரி பூரா பனி கொட்டி முழங்கால் அளவுக்கு கிடந்துச்சு. முப்பதடி போயிருப்பேன். ரெண்டு முனையும் உள்ள குத்திக்கிச்சு, ஆளு குப்புற. எழுந்து பாத்தா ஒரு ஸ்கீயைக் காணோம். பூட்ஸ் கழண்டதும் பைண்டிங்ல இருக்கிற பிரேக் கீழ இறங்கி தரையில ஊனும். கெட்டி பனியில அது நிக்கும். பவுடர்ல ஊன என்ன இருக்கு? உள்ளயே நீச்சல் அடிச்சு எங்கயோ போயிருக்கு. வைக்கோல்போர்ல ஊசி தேடற மாதிரி ஒரு மணி நேரம் கிளறினேன். விவரம் தெரிஞ்சவங்க இதுக்குத்தான் நீள ரிப்பன் ஒண்ணை பைண்டிங்ல கட்டி பேண்ட்டுக்குள்ள சொருகி வெச்சிருப்பாங்களாம். எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் வாங்கினதுதான் ரெண்டாவது ஜோடி, இடுப்பு 94. முனை கட்டுமரத்து மூக்கு மாதிரி மேல தூக்கி நிக்கும். இதை ராக்கர்னு சொல்றாங்க. மூக்கு மேல இருந்தா பனிக்குள்ள குத்தாது, ஏறி வரும். இந்த யோசனையை தைரியமா முழுசா செஞ்சு பாத்தவர் ஷேன் மெக்காங்கின்னு ஒரு ஆளு. தண்ணியில சறுக்கற வாட்டர் ஸ்கீயைப் பாத்து, பவுடர் பனியும் தண்ணி மாதிரிதானேன்னு யோசிச்சார். வோலன்ட் கம்பெனி 2002ல ஸ்பேச்சுலான்னு பேர் வெச்சு அதை வித்துச்சு. அன்னிக்கு சிரிச்சவங்க எல்லாம் இன்னிக்கு அந்த வம்சத்து ஸ்கீயிலதான் போறாங்க.

குத்துமதிப்பா ஒரு கணக்கு சொல்றேன், சட்டம்னு எடுத்துக்காதீங்க. கெட்டி பனிக்கு 80க்கு கீழ. எல்லாம் கலந்து வர்ற இடத்துக்கு 85ல இருந்து 100. ஆழமான பவுடருக்கு 105க்கு மேல. நீளம், புதுசா கத்துக்கிறவங்களுக்கு தாடையில இருந்து மூக்கு வரைக்கும் போதும். பவுடருக்குப் போனா இன்னும் கொஞ்சம் நீளம்.

பனி மட்டும் இல்ல, எப்படி திரும்பப் போறோம்னும் பாக்கணும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவுல இருந்து போன ஒரே வீரர் காஷ்மீர்காரர் ஆரிஃப் கான். அவர் கலந்துக்கிட்ட ரெண்டு போட்டிக்கும் விதிப்படியே வேற வேற ஸ்கீ. ஆண்களுக்கு ஸ்லாலம்னா குறைஞ்சது 165 சென்டிமீட்டர், சட்டு சட்டுன்னு திரும்பறதுக்கு. ஜெயன்ட் ஸ்லாலம்னா குறைஞ்சது 193, பெரிய பெரிய வளைவா போறதுக்கு. சறுக்கறது ஒரே மாதிரி கெட்டி பனியிலதான்!

அப்புறம் குளிர். கால்கரிக்குப் பக்கத்து ராக்கி மலையில மைனஸ் இருபதெல்லாம் சர்வசாதாரணம். பனி நல்லா காஞ்சு கோலமாவு மாதிரி பறக்கும், பாக்க அழகு. ஆனா ரொம்ப குளிர்ல பனித்துகள் கூரா இருக்கும், ஸ்கீ மணல்ல இழுக்கற மாதிரி ஓடவே ஓடாது. அதுக்கு கெட்டி மெழுகு தேய்க்கணும். பசிபிக் பக்கம் விஸ்லர்ல கடல் ஈரத்தோட விழற பனி கனமா இருக்கும். மார்ச், ஏப்ரல்ல எந்த ஊரா இருந்தாலும் மத்தியானம் இட்லி மாவுதான், அடியில ஒட்டிக்கிட்டு விடாது. அதுக்கு இளகின மெழுகு. முன்னெல்லாம் போட்டிக்காரங்க ஃப்ளோரின் கலந்த மெழுகு போடுவாங்க, பறக்கும். மண்ணுலயும் தண்ணியிலயும் அழியாம தங்குதுன்னு 2023-24 சீசன்ல இருந்து சர்வதேச போட்டிகள்ல அதுக்கு தடை.

இவ்வளவும் கேட்டுட்டு மாப்ளை, "அப்ப 94ஐ மட்டும் எடுத்துட்டுப் போறேன் மாமா, ராக்கிக்கு அதானே சரி"ன்னான். பய கெட்டிக்காரன். பதிலும் சரிதான். ஆனா நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். காரணம் பலகை இல்ல, அதுமேல இருக்கிற பைண்டிங்.

ஒரு காலத்துல பூட்ஸை ஸ்கீயோட இறுக்கிக் கட்டிடுவாங்க. விழுந்தா ஸ்கீ திரும்பற பக்கம் காலும் திரும்பும், எலும்பு முறியும். நார்வேயில பிறந்து அமெரிக்காவுல இருந்த யால்மர் வாம்னு ஒரு வீரர் 1937ல கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போதான், தானா கழண்டுக்கற பைண்டிங்கை யோசிச்சாராம். இன்னிக்கு இருக்கிறது அந்த யோசனையோட பேரப்பிள்ளை. கால் முறுக்கினா முன்பக்கம் பக்கவாட்டுல விடும், முன்னாடி சாய்ஞ்சு விழுந்தா குதிகால் மேல் பக்கமா விடும். எவ்வளவு பலத்துக்கு விடணும்னு ஸ்பிரிங்கை முறுக்கி ஒரு எண்ணுல நிறுத்துவாங்க. அதுக்குப் பேரு டின் எண்.

அந்த எண்ணை எப்படி முடிவு பண்றாங்க? எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடிப்பகுதியோட நீளம். அஞ்சாவதா ஒரு கேள்வி: நீ எந்த வகை? மெதுவா, ஜாக்கிரதையா போறவன்னா வகை ஒண்ணு. வேகமா, செங்குத்துல பாயறவன்னா வகை மூணு. நடுவுல ரெண்டு. ஒண்ணை விட ரெண்டு அட்டவணையில ஒரு வரிசை மேல, மூணுன்னா ரெண்டு வரிசை மேல. அம்பது வயசு ஆயிட்டா ஒரு வரிசை கம்மி. முதல் நாலையும் அளந்துடலாம். அஞ்சாவதுக்கு நாம சொல்றதுதான் கணக்கு.

நான் பொய் சொன்னேன்.

2006 பிப்ரவரி. சர்வீஸுக்கு குடுத்த கடையில ஃபாரம் நீட்டினாங்க. பக்கத்துல ஆபீஸ் நண்பர்கள் மூணு பேர், எல்லாரும் மூணுன்னு டிக் அடிச்சாங்க. கடலூர்க்காரன் மட்டும் ஒண்ணா? நானும் மூணு. கடைக்காரர் தப்பே இல்ல, நான் எழுதிக் குடுத்த மாதிரி முறுக்கிக் குடுத்தார். மறுநாள் காலையில அந்த மொசைக் தரையில, வேகமா கூட இல்ல, நடக்கற வேகத்துல பின்பக்கமா சாய்ஞ்சு விழுந்தேன். ஒரு ஸ்கீ மாட்டிக்கிச்சு, உடம்பு திரும்புச்சு, கால் திரும்பல. பைண்டிங் விடவே இல்ல. வகை மூணுக்காரன் விழற வேகத்துக்கு காத்துக்கிட்டு இருந்துச்சு பாவம்.

முட்டியோட உள்பக்க தசைநார் பாதி கிழிஞ்சுது. ஆறு வாரம் பட்டை. இன்னிக்கும் கல்யாணப் பந்தியில சம்மணம் போட்டு உக்கார முடியாம டேபிள் தேடற ஆளு நான். சரியான எண் வெச்சிருந்தாலும் விட்டிருக்குமான்னு அடிச்சு சொல்ல முடியாது. மெதுவா முறுக்கிக்கிட்டு விழறப்போ முட்டியைக் காப்பாத்தறதுல எந்த பைண்டிங்கும் அவ்வளவு சமர்த்து இல்ல. கீழ்க்கால் எலும்பு முறியறதைத்தான் அது நல்லா தடுக்கும். ஆனா இருந்த ஒரு வாய்ப்பையும் நானே முறுக்கி அடைச்சேன்னு தெரியும்.

மேல சொன்ன மெக்காங்கி 2009 மார்ச்ல இத்தாலியில செத்துப்போனார். பாறை உச்சியில இருந்து ஸ்கீயோட குதிச்சு, நடுவானத்துல ஸ்கீயைக் கழட்டி விட்டு பறக்கற சாகசம் அவருது. அன்னிக்கு கழள வேண்டியது கழளல. நம்ம மாதிரி ஆளுங்க கதையோட சேக்கக் கூடாது, தெரியும். ஆனாலும் பைண்டிங்னு எழுதினாலே அவர் ஞாபகம் வந்துடுது.

அதனாலதான் மாப்ளைகிட்ட சொன்னேன். "டேய், பனிக்கு தகுந்த மாதிரி பலகையை மாத்திக்கலாம். பைண்டிங்குக்கு பனி எல்லாம் தெரியாது, உன்னைத்தான் தெரியணும். இது இருபது வருஷத்து ஸ்பிரிங், பிளாஸ்டிக். கம்பெனிக்காரன் ஆதரவு பட்டியல்ல இருந்து எடுத்திருப்பான், எந்தக் கடையிலயும் தொட மாட்டாங்க. இப்ப வர்ற கிரிப்வாக் பூட்ஸ் அடிப்பாகமும் இதுல சரியா உக்காராது. என் எடைக்கும் என் பொய்க்கும் முறுக்கினது உனக்கு எதுக்கு?"

பய முகம் தொங்கிடுச்சு. "முதல்ல பூட்ஸ் வாங்கு, காலுக்குப் பொருந்தறதா பாத்து. ஸ்கீயும் பைண்டிங்கும் ஒரு சீசன் வாடகைக்கு எடு. இளகின, கட்டையான ஸ்கீயா கேளு. ஃபாரம்ல ஒண்ணுன்னு போடு"ன்னு அனுப்பி வெச்சேன்.

டிசம்பர்ல போன். நகிஸ்கா போயிருந்தானாம். 1988 கால்கரி ஒலிம்பிக்குக்காக திறந்த இடம் அது. "மாமா, கடையில ஃபாரம் குடுத்தாங்க. கூட நம்ம பசங்க நாலு பேர் நின்னுட்டு இருந்தானுங்க."

"என்னா போட்ட?"

"ஒண்ணுதான். ஓட்டினானுங்க மாமா. ஏழு தடவை விழுந்தேன். நாலு தடவை ஸ்கீ கழண்டு ஓடிடுச்சு, போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள உயிர் போச்சு."

"முட்டி?"

"முட்டிக்கு என்னா? நல்லாத்தான் இருக்கு."

எனக்கு அது போதும். இந்தப் போகிக்கும் அக்கா இரும்புக்காரனை ஞாபகப்படுத்தினாங்க. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் தடவி, ரெண்டு ஜோடியையும் திரும்ப பரண் மேலயே ஏத்திட்டேன். பைண்டிங்கை மட்டும் கழட்டி அவங்ககிட்ட குடுத்தேன், எடைக்குப் போட.

டிஸ்கி (ஸ்கீ பதிவுல டிஸ்கி இல்லாமலா!): குல்மர்க் போறவங்களுக்கும் இதேதான். கொண்டோலா அஃபர்வட் மலையில 3,900 மீட்டருக்கு மேல கொண்டு விடும், அங்க ஆழமான பவுடர் கிடைக்கும். ஆனா 2024 ஜனவரியில அதே ஊர் பனியே இல்லாம காஞ்சு கிடந்துச்சு. அதனால போய் இறங்கி, பனியைப் பாத்துட்டு ஸ்கீ வாடகைக்கு எடுங்க. ஃபாரம் நீட்டினா மட்டும் உண்மையை எழுதுங்க :-)