முப்பது கோடிச் சுற்று

பாடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் உட்தெருக்களுக்குள் நுழைந்தால், நாலு கார் நின்றாலே நிரம்பிவிடும் ஒர்க்‌ஷாப்புகள் நிறைய உண்டு. அப்படி ஒன்றில் டைமிங் பெல்ட் மாற்றும் வேலையை முழுதாகப் பார்க்கப் போயிருந்தேன். வண்டி ஒரு டீசல் டஸ்டர். வலது முன் சக்கரமும் அதற்கு உட்புறம் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பும் கழற்றப்பட்டு, இன்ஜினின் பக்கவாட்டு வெளியே தெரிந்தது. “தாராளமா பாருங்க சார். மார்க் வைக்கிறப்ப மட்டும் பேச்சுக் குடுக்காதீங்க” என்றார் மெக்கானிக். அங்கே எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’தான்.

இந்த வண்டியைப் பார்க்கப் போனதற்குக் காரணம் உண்டு. 2012இல் இந்தியாவுக்கு வந்த டஸ்டர், இதே சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது அதன் டீசல் வகை நின்றுவிட்டது. அதேபோல, மறைமலை நகரில் ஈகோஸ்போர்ட் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. தயாரிப்பு நின்றாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கடைசியாக வந்த டீசல் டஸ்டருக்கே இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு ஒன்று, வயதுக் கெடு ஒன்று. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வண்டிக்கு வண்டி இது மாறும், கையேட்டில் போட்டிருக்கும். அதனால் இந்த வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக இந்த மாதிரிச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளைத் தேடி வருகின்றன.

அந்த பெல்ட்டின் வேலை என்ன? பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாஃப்ட் கீழே இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்த இரண்டையும் கட்டிவைத்திருப்பது உட்புறம் பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். டஸ்டரின் 1461 சிசி இன்ஜினில் டீசல் பம்பையும் வாட்டர் பம்பையும் சுற்றுவதும் அதுவே. நிமிடத்துக்கு 2000 சுற்றில் இன்ஜின் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை திறந்து மூடும். சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால், 2500 மணி நேரம். அதற்குள் கிராங்க் சுற்றியிருப்பது 30 கோடிச் சுற்று. அதில் ஒரு பல்கூடத் தள்ளியிருக்கக் கூடாது.

பல் வைத்த பெல்ட் காருக்காகப் பிறந்ததல்ல. 1940களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காக உருவானது. ஊசியும் பாபினும் பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டுமே. காருக்குள் அதைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி, 1962இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 மாடலில். எண்ணெய்க்குள் ஓடும் செயினைவிடச் சத்தம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. நம் ஊர் மாருதி 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் பெல்ட் வண்டிகளே.

பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு முடியாது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடம்கூட இருப்பதில்லை. அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும், திறந்த வால்வு திறந்தபடியே இருக்கும், கிராங்க் மட்டும் வேகத்தில் சுற்றும். மேலே வரும் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பிறகு ஹெட்டை இறக்கி, வால்வு மாற்றி, கேஸ்கெட் மாற்றி என்று செலவு பல மடங்கு ஏறும்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆயில் சம்புக்கு அடியில் ஒரு மரக்கட்டை, அதன் கீழே ஜாக்கி. இன்ஜினின் பாரத்தை அது தாங்கிய பிறகுதான் வலது பக்க இன்ஜின் மவுன்ட்டை அண்ணன் கழற்றினார். அந்த மவுன்ட் நேராக பெல்ட்டுக்கு முன்னால் நிற்கிறது. அடுத்து கிராங்க் புல்லி போல்ட். உதவிக்கு இருந்த பையன் வண்டிக்குள் ஏறி ஐந்தாவது கியரைப் போட்டு பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நீளமான கம்பியில் அண்ணன் ஒரே இழுவையாக இழுக்க, போல்ட் ‘டக்’கென்று விட்டது. “சில பேரு லாக் பின்னைப் போட்டுட்டே இந்த போல்ட்டைக் கழட்டுவாங்க. பின் வளைஞ்சிடும். அப்புறம் அந்தப் பின் பொய் சொல்லும்” என்றார்.

அந்தப் பின்கள்தான் இந்த வேலைக்கே உயிர். இன்ஜின் பிளாக்கில் ஒரு பிளக்கைக் கழற்றி அங்கே ஒரு பின்னைத் திருகினார். கிராங்கைக் கையால் மெல்லச் சுற்ற, அது வந்து பின்னில் முட்டி நின்றது. மேலே கேம் சக்கரத்தின் ஓட்டை வழியாக இன்னொரு பின் ஹெட்டுக்குள் இறங்கியது. அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதை விரல் நுனியால்தான் பார்த்தார். கொஞ்சம் முரண்டு பிடித்ததும் வெளியே எடுத்து, கிராங்கைப் பின்னால் திருப்பி, மறுபடி முதலிலிருந்து வந்தார். அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் ரேடியோவைக்கூட அணைத்திருந்தார்கள்.

பின் இல்லாமல் செய்பவர்கள் உண்டு. பழைய பெல்ட்டிலும் சக்கரங்களிலும் ஒயிட்னரால் கோடு போட்டு, அந்தக் கோடுகளைப் புது பெல்ட்டுக்கு மாற்றி மாட்டிவிடுவார்கள். அண்ணனுக்கு அதில் உடன்பாடில்லை. “முன்னாடி மாட்டுனவன் ஒரு பல்லு தப்பா வெச்சிருந்தா, நானும் அதே தப்பைத்தானே காப்பி அடிப்பேன்?” அவர் சொல்வதே சரி. ஒரு பல் தள்ளினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகலாம், ஓடலாம். இழுவை குறையும், புகை வரும். காரணம் தெரியாமல் ஓனர் கடை கடையாக அலைவார்.

கழற்றிய பெல்ட்டை வாங்கிப் பார்த்தேன். வெடிப்பில்லை, பல் தேயவில்லை, முதுகில் மட்டும் லேசான பளபளப்பு. “பார்த்தா நல்லாத்தான் இருக்கும் சார். அறுந்துபோற அன்னிக்குக் காலையிலயும் இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார். ரப்பருக்குள் கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. அவை இழுவைக்கு நீளாது, ஆனால் மடித்தால் ஒடியும். புது பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த பையன் அதை வளையமாக விரித்து இரண்டு கையிலும் ஏந்தி வந்ததற்கு அதுதான் காரணம். எண்ணெய்க் கையோடு தொடவும் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும். ஆயில் சீல் கசிந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் பெல்ட்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பழைய டென்ஷனரைக் காதருகே வைத்துச் சுற்றிக் கேட்கும்படி பையனிடம் கொடுத்தார் அண்ணன். பிறகு புதியது. “வித்தியாசம் தெரியுதாடா?” “பழசுல மணல் மாதிரி சத்தம் வருது அண்ணே.” பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. பல சமயம் பெல்ட் அறுவதற்குக் காரணம் பெல்ட்டே அல்ல. இப்படி இறுகிப்போகும் டென்ஷனரோ, பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் சக்கரமோ, உட்கார்ந்துவிடும் வாட்டர் பம்போ. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளில், பெல்ட் மூடிக்குள் சேறு புகுந்து பேரிங் போனதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அந்த மூடி தூசியைத் தடுக்கும், நின்ற தண்ணீரைத் தடுக்காது.

வாட்டர் பம்ப் மாற்றி, புது பெல்ட் ஏற்றி, டென்ஷனரின் முள்ளைக் குறிக்கு நேராக நிறுத்தி இறுக்கினார். பின்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். மறுபடி பின்களைப் போட்டுப் பார்த்தார். இரண்டும் இறங்கின. டென்ஷனர் முள்ளையும் மறுபடி பார்த்துச் சரிசெய்தார். இந்த இரண்டு சுற்றைச் சோம்பல்பட்டு விடுபவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அதுவே படுகிறது. கையால் சுற்றும்போது எங்காவது முட்டினால் நிறுத்திக்கொள்ளலாம். சாவியைத் திருப்பிய பிறகு முட்டினால் வால்வு போயிருக்கும்.

ஓனர் வந்ததும் பேரம் தொடங்கியது. பார்ட்ஸ் பில்லை அவர் கேள்வி கேட்கவில்லை, லேபரைத்தான் குறைக்கச் சொன்னார். “பெல்ட் மாத்துறதுக்கு இவ்வளவாங்க?” இதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் வாங்கியது முன்பு ஓடிய மாதிரியே ஓடும் வண்டியை. இந்த வேலை நன்றாக நடந்தால் வித்தியாசமே தெரியாது. மூடி போட்ட பிறகு உள்ளே என்ன செய்தார்கள் என்பதும் தெரியாது. டென்ஷனரை மாற்றாமலே மாற்றியதாகப் பில் போடுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அண்ணன் பதில் பேசாமல் பழைய பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் புதுப் பொருள் வந்த பெட்டியிலேயே போட்டு அவர் கையில் கொடுத்தார். பானட்டுக்கு உள்புறம் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரையும் பெயிண்டையும் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அது பெல்ட் வண்டியா என்று கேளுங்கள். ஆமென்றால், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பில் காட்ட முடியாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஐட்லர் உள்ள வண்டியானால் அதையும் சேர்த்து. திரும்ப ஒருமுறை மவுன்ட்டைக் கழற்ற அதே லேபர்தான் ஆகும். பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேபரில் மட்டும் பேரம் வேண்டாம்.