பழக்கம்தானே சார்!

ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மனும் அவர் மனைவி பெட்சி அரகாவாவும் 2025 பிப்ரவரியில், அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில், தங்கள் வீட்டில் இறந்துகிடந்தார்கள். போலீஸ் வந்தது. டி.வி. வேன்கள் வந்தன. ஆளாளுக்கு ஒரு துப்பறியும் கதை எழுதினார்கள். கொலையா, தற்கொலையா, கேஸ் லீக்கா?

பிரேதப் பரிசோதனை முடிவு வந்தபோது கதாசிரியர்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். 95 வயது ஹேக்மனுக்கு இருதய நோய், கூடவே அல்சைமர். அவருக்குச் சுமார் ஒரு வாரம் முன்னாலேயே 65 வயது மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைக் கொன்றது ஹான்டா வைரஸ். எலிகளிடமிருந்து வருகிற சமாசாரம். அந்த வீட்டைச் சுற்றியிருந்த ஷெட்டுகளில் எலிக் கூடுகளும் புழுக்கைகளும் கிடந்ததைப் பிறகு அதிகாரிகள் பார்த்தார்கள்.

எலி கடித்தால்தானே வியாதி என்று கேட்பீர்கள். கடிக்கவே வேண்டாம். அதன் புழுக்கையும் சிறுநீரும் காய்ந்து தூளாகிக் கிடக்கும். ஒருவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்ச் சர்ரென்று பெருக்குவார். தூசி கிளம்பும். மூச்சோடு உள்ளே போகும். அவ்வளவுதான் விஷயம். ஒன்றிலிருந்து எட்டு வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்புவலி. பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அமெரிக்காவில் இந்த நோய் முதன்முதலாக 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இறந்துவிடுகிறார்கள். 2012-ல் யோசமிட்டி தேசியப் பூங்காவுக்கு உல்லாசமாக விடுமுறைக்குப் போனவர்களில் பத்துப் பேருக்கு வந்து, மூன்று பேர் இறந்துபோனார்கள். அவர்கள் தங்கிய கூடாரங்களின் இரட்டைச் சுவருக்குள் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

‘அது அமெரிக்க எலி, நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த வைரஸ் குடும்பத்துக்கு நம்ம வேலூரோடு ஓர் உறவு உண்டு. கொரியப் போரில் 3,000-க்கும் மேற்பட்ட ஐ.நா. படை வீரர்களைப் படுக்கவைத்த மர்மக் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸை, கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ 1976-ல்தான் பிடித்தார். ஹான்டான் ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார். ஆனால், அதே குடும்பத்து வைரஸ் ஒன்றை 1964-லேயே வேலூரில் பிடித்திருந்தார்கள். ஒரு மூஞ்சூறின் உடம்பிலிருந்து! இன்ன குடும்பம் என்று அப்போது தெரியவில்லை. பெயர் மட்டும் வைத்தார்கள். தோட்டப்பாளையம் வைரஸ். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வேலூரின் அந்தப் பேட்டைப் பெயர் வாழ்கிறது. நல்லவேளை, அந்த வைரஸ் மனிதர்களைக் கொன்றதாக நிரூபணம் எதுவுமில்லை. பிள்ளையார் காப்பாற்றினார்.

நகரத்து அபார்ட்மென்ட்வாசிகளுக்கு எலியைவிடப் பெரிய பிரச்னை புறா. காதலுக்குத் தூது போன காலமெல்லாம் முடிந்து, ஏ.சி. மெஷின் மேலே குடித்தனம் பண்ண வந்துவிட்டது.

பி.காம். படித்தவன் என்கிற ஒரே குற்றத்துக்காக எங்கள் குடியிருப்பு சங்கத்தில் என்னைப் பொருளாளராக்கி வைத்திருக்கிறார்கள். பாத்ரூம் குழாய்கள் இறங்குகிற டக்ட்டுக்குள் பல வருட எச்சம், முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டது. சுத்தம் பண்ண இரண்டு கொட்டேஷன். வலை கட்டித் தருவதும் சேர்த்து ஒரு கம்பெனி பதினெட்டாயிரம் ரூபாய் கேட்டது. வாட்ச்மேன் அழைத்துவந்த பெரியவர் எண்ணூறு ரூபாய் கேட்டார். ஒரு விளக்குமாறு, ஒரு முறம், ஒரு கோணிப்பை. முகத்தில் கட்டிக்கொள்ள அவருடைய துண்டு.

எந்தக் கொட்டேஷன் ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை.

“முகமூடி, கையுறை எல்லாம் நாம வாங்கித் தரணும். அதையும் செலவில் சேர்த்துடலாம்” என்றேன்.

“அவங்களுக்கெல்லாம் பழக்கம்தானே சார்!” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு வாட்ச்மேனுக்கு முதல் ஆளாக வேட்டி எடுத்துத் தருகிறவர்.

பெரியவரிடமே கேட்டேன். “இருவது வருஷமா இதான் வேலை. பழகிப்போச்சு சார். சாயங்காலம் கொஞ்சம் இருமும். ராத்திரி காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும். காலையில சரியாயிடும்” என்றார் சர்வ சாதாரணமாக.

எனக்குத் திக்கென்றது. அவர் சொன்னதுபோலத்தான் மருத்துவப் புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது.

புறா எச்சத்திலும் இறகுத் தூசியிலும் உள்ள புரதங்கள் சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது. தூசியை இழுத்த நாலு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. ஒருநாள், இரண்டு நாளில் தானாகத் தணிந்துவிடும். சாதாரண சளி என்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடி அதே தூசிக்குள் போவார்கள். இப்படியே பலமுறை நடந்தால் நுரையீரல் உள்ளுக்குள் தழும்பு கட்டி, தோல் மாதிரி தடித்துப்போகும். அதற்கப்புறம் மாடிப்படி ஏற முடியாது. விழுந்த தழும்பை மருந்தால் அழிக்கவும் முடியாது. புறா வளர்ப்பவர்களுக்கு வருகிற நுரையீரல் நோய் என்றே 1965-ல் இதை மருத்துவ உலகம் பதிவு செய்தது. இந்தியாவில் 27 மருத்துவ மையங்களில் நுரையீரல் தழும்பு வகை நோயாளிகள் 1,084 பேரை ஆராய்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருந்தது இந்த ஒவ்வாமை வகைதான். அத்தனை பேருக்கும் புறா காரணமில்லை. ஏர்கூலர் பூஞ்சை முதல் எத்தனையோ உண்டு. பறவைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஆக, ‘பழக்கம்’ என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இங்கே வில்லன். வெயில் பழகும், சுமை பழகும், நாற்றம்கூடப் பழகிவிடும். இந்தத் தூசி பழகாது. ஒவ்வொரு தடவையும் உடம்பு இன்னும் அதிகமாகத்தான் கோபித்துக்கொள்ளும். இருபது வருட அனுபவம் என்பது மற்ற வேலைகளில் தகுதி. இதில் அது ஆபத்து.

மும்பையில் 2025-ல் இதே விவகாரம் தெருவுக்கே வந்தது. தாதரில் இருக்கும் புகழ்பெற்ற கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது. புறாவுக்குத் தீனி போடுவது புண்ணியம் என்று நம்புகிறவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மும்பை உயர் நீதிமன்றம் மக்களின் ஆரோக்கியமே முக்கியம் என்றது. தீனி போடுகிறவருக்குப் புண்ணியம், சரி. எச்சத்தை அள்ளுகிறவருக்கு என்ன? அந்தக் கேள்வியை ஏனோ இரண்டு பக்கமும் அதிகம் கேட்கவில்லை.

கணக்குக்கு வருகிறேன். வடிகட்டும் முகமூடி, ரப்பர் கையுறை, கண்ணாடி, ஸ்பிரே பாட்டில் எல்லாமாகச் சேர்த்து அறுநூறு ரூபாய் ஆனது. எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். வீட்டுக்கு இருபத்தைந்து ரூபாய். இதற்காக முக்கால் மணி நேரம் வாதாடியிருக்கிறோம். அந்த நேரத்தில் குடித்த காபியின் விலை அதைவிட அதிகம்.

வீட்டில் நீங்களே செய்வதாக இருந்தாலும் முறை ஒன்றுதான். காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். வாக்குவம் கிளீனரையும் போடாதீர்கள். அது தூசியை அறை முழுக்க விநியோகம் பண்ணிவிடும். பரணோ ஸ்டோர் ரூமோ, கதவு ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி நேரம் வெளியே இருங்கள். புறா எச்சம் என்றால் சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, நன்றாக ஊறியபின் அள்ளுங்கள். பிரஷர் பைப்பால் பீய்ச்சியடித்தால் மறுபடி காற்றில்தான் கிளம்பும். எலிப் புழுக்கை என்றால், ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் விட்டுப் பேப்பரால் துடைத்தெடுங்கள். பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். விஷவாயு வரும். கையில் காயமிருந்தால் கையுறை கட்டாயம். எலியின் சிறுநீர் காயம் வழியே இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். துண்டு, கர்ச்சீப் எல்லாம் நாற்றத்துக்குத்தான். நுண்துகளுக்கு என்95 முகமூடிதான்.

இதில் புதுசாக ஒன்றுமில்லை என்று எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா சிரித்தார். “வாசலையே தண்ணி தெளிச்சிட்டுத்தானே சார் பெருக்குறோம்? தூசு பறக்கக் கூடாதுன்னுதானே?”

அதேதான். ஆனால் அந்த டக்ட்டுக்குள் இறங்குகிறவருக்கு ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது? உங்கள் அபார்ட்மென்ட்டில் அடுத்த முறை சுத்தம் செய்ய ஆள் வரும்போது, கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், சாயங்காலம் இருமல் வருகிறதா என்று கேளுங்கள். வருகிறது என்றால் நெஞ்சு டாக்டரிடம் அனுப்புங்கள். அந்த வேலையை வேறு விதமாகச் செய்துகொள்ளலாம்.