உபயம்

2022 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு சட்டையை மட்டும் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்.

"ஏன்டா, கம்பெனி மாத்திட்டியா?"

அது வெஸ்ட் ஹாம் ஜெர்சி. ஒரகடம் கூட்ரோட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்பவரிடம் 250 ரூபாய்க்கு வாங்கியது. மான்செஸ்டரும் லிவர்பூலும் என் சைஸில் இல்லை. அரக்கும் வெளிர்நீலமும் கலந்த இது இருந்தது. நெஞ்சில் பெரிய எழுத்தில் 'பெட்வே' என்று அச்சடித்திருந்தார்கள்.

அம்மா கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போன எல்லோரும் நெஞ்சில் ஒரு பெயரோடுதான் வீட்டுக்கு வருகிறார்கள். கார் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி, செல்ஃபோன் கம்பெனி. சட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் சம்பளம் தருகிறவர்கள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது.

"இது ஃபுட்பால் டீம் சட்டைம்மா."

"அப்ப இந்தப் பேரு?"

"அது ஸ்பான்சர். நம்ம கோயில் டியூப்லைட்டுல உபயம்னு எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி."

"இன்னா யாபாரம் பண்றாங்களாம்?"

எனக்கே தெரியாது. ஃபோன் கம்பெனி என்று சொல்லிவைத்தேன்.

*

அப்போது வல்லக்கோட்டை பக்கம் ஒரு ரூமில் ஆறு பேர் இருந்தோம். மூன்று பாய், இரண்டு ஷிஃப்ட். ஒருவன் எழுந்து போனால் அந்தச் சூட்டிலேயே இன்னொருவன் வந்து படுப்பான். நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னி. ரூமில் எல்லோருக்கும் மூத்தவரை மாமா என்று கூப்பிடுவோம். செய்யாறு பக்கத்துக்காரர். முப்பத்தெட்டு வயது. காண்ட்ராக்ட் லேபராக நான்கு கம்பெனி பார்த்தவர். மெஸ் கணக்கு, வாடகைக் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் அவர் கையில்தான். ஒரு ரூபாய் பிசகாது.

சனிக்கிழமை இரவுகளில் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு ஃபோனைச் சாய்த்துவைத்து பிரீமியர் லீக் பார்ப்போம். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை அந்த ஊர் டிவியில் காட்டுவதில்லை. உள்ளூர் மைதானங்களுக்கு ஆள் வராமல் போய்விடுவார்கள் என்று பல காலமாக இருக்கும் கட்டுப்பாடு. ஆனால் அதே ஆட்டம் ஒரகடத்தில் பக்கெட் மேல் ஓடும். இதை நினைத்து எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அந்தச் சட்டைகளின் முன்பக்கம் யார் கண்ணுக்காக எழுதப்படுகிறது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. சில அணிகளின் நெஞ்சில் இருந்த கம்பெனிகளை இங்கிலாந்துக்காரனே கேள்விப்பட்டிருக்க மாட்டான். அவற்றின் வாடிக்கையாளர்கள் ஆசியாவில் இருந்தார்கள். மைதானத்தின் ஓர விளம்பரப் பலகைகளில் சீன எழுத்து ஓடும். லண்டனில் ஆடும் ஆட்டத்தில் சீன எழுத்து எதற்கு என்று மாமா ஒருமுறை கேட்டார். "உலகம் பூரா பாக்கறாங்கல்ல மாமா" என்றேன். பதில் சரிதான், பாதி.

மீதிப் பாதியைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் 2005-ல் சூதாட்டச் சட்டம் தளர்த்தப்பட்டது. 2007-ல் அது நடைமுறைக்கு வந்த பிறகு பந்தய விளம்பரம் டிவியிலும் சட்டையிலும் பெருகியது. பெரிய அணிகளுக்கு விமானக் கம்பெனியும் வங்கியும் கிடைக்கும். நடுவிலும் அடியிலும் கிடக்கிற அணிகளுக்கு அவ்வளவு பெரிய தொகையோடு கதவைத் தட்டுவது பெரும்பாலும் பந்தயக் கம்பெனிதான். கீழே இறங்கிவிட்டால் கோடிக்கணக்கில் நஷ்டம் என்ற பயத்தில் இருப்பவன் உபயதாரரின் தொழிலை விசாரிக்க மாட்டான். 2023 ஏப்ரலில் பிரீமியர் லீக் அணிகள் கூடி, 2025–26 சீசன் முடிந்ததும் சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்டப் பெயர்களை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டன. மூன்று வருட அவகாசம். கைப்பகுதியில் போட்டுக்கொள்ளலாம், மைதானப் பலகையில் ஓடலாம். கடைசி வருடமான 2025–26 சீசனில்கூட இருபது அணிகளில் பாதிக்கு மேல் அந்தச் சட்டைதான். என் வெஸ்ட் ஹாமில் பெட்வே போய் இன்னொரு பந்தயக் கம்பெனி வந்தது.

அந்த முடிவு வந்த அடுத்த மாதமே பிரென்ட்ஃபோர்ட் அணியின் ஐவன் டோனிக்கு எட்டு மாதத் தடை விதித்தார்கள். பந்தயம் கட்டக் கூடாது என்ற விதியை 232 முறை மீறியதாக அவரே ஒப்புக்கொண்டார். அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதை விசாரித்தவர்களே ஏற்றார்கள். பிரீமியர் லீக்கில் அவர் கோல் போட்டுவிட்டு ஓடி வந்த ஒவ்வொரு படத்திலும் நெஞ்சில் ஒரு பந்தயக் கம்பெனியின் பெயர் இருந்தது.

நமக்கு இது புதிதில்லை. ஐபிஎல் சூதாட்டப் புகாரில் 2015 ஜூலையில் லோதா கமிட்டி சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு வருடம் தள்ளிவைத்தது. ஐந்து வருடம் கழித்து, 2020-ல், அதே ஐபிஎல்லின் பெயருக்கு முன்னால் ட்ரீம்11 வந்து நின்றது. 222 கோடி ரூபாய். 2023-ல் இந்திய அணியின் நெஞ்சுக்கே வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு 358 கோடி என்று செய்தி. சட்டப்படி இரண்டும் வேறு வேறு. ஃபேன்டஸி ஆட்டம் சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று 2017-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. நூறு புள்ளிக்குள் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கிறாய், கேப்டனுக்கு இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. யார் காயம்பட்டிருக்கிறான், எந்தப் பிட்சில் ஸ்பின் எடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். திறமை வேண்டும்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஏனென்றால் அந்தத் திறமை எனக்கு இருந்தது.

*

2023 ஏப்ரல். இங்கே ஐபிஎல், அங்கே லீக்கின் கடைசிக் கட்டம். நான் ஒரு ஆப்பில் 49 ரூபாய் கட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். எந்த ஆப் என்பது இங்கே முக்கியமில்லை. ஒருநாள் 1,800 ரூபாய் விழுந்தது. எங்கள் மூன்று நாள் சம்பளம். மாமா ஃபோனை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"நெசமாவே அக்கவுண்ட்டுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு மாமா. நீங்களும் போடுங்க. என் கோடு போட்டு உள்ள வந்தா உங்களுக்கு நூறு, எனக்கு நூறு."

எனக்கு வந்த நூறு ரூபாயில் கூட்ரோட்டுக் கடையில் இரண்டு பேரும் முட்டை பரோட்டா சாப்பிட்டோம். மிச்சத்துக்கு டீ.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா என்னிடம்தான் டீம் கேட்பார். "இன்னைக்கி யாரை கேப்டனா வெக்கட்டும்?" நானும் பெரிய கோச் மாதிரி சொல்வேன். சில நாள் ஜெயிக்கும். பல நாள் போகும். லட்சக்கணக்கானவர்கள் கட்டும் ஆட்டத்தில் என் திறமைக்கு என்ன மதிப்பு என்று நான் கணக்குப் போட்டதில்லை. மொத்தப் பணத்தில் கம்பெனியின் பங்கு மட்டும்தான் எப்போதும் ஜெயிக்கிறது.

திறமை என்ற வார்த்தையைப் பற்றி இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். லாட்டரியில் விழாவிட்டால் "நம்ம நேரம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை நிறுத்தும்வரை எங்கள் தாத்தா அப்படித்தான் தினமும் வீட்டுக்கு வந்தாராம். திறமை விளையாட்டில் தோற்றால் நேரத்தைத் திட்ட முடியாது. நீதான் சரியாகத் தேர்வு செய்யவில்லை. கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் வந்திருக்கும். நாளைக்குச் சரிசெய்துவிடலாம். மாமா மாதிரி ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிடக் கொடிய பொறி கிடையாது. தன் தப்பைத் திருத்திக்கொள்ளத்தான் அவர் திரும்பத் திரும்ப உள்ளே போனார்.

மேட்ச் இல்லாத நாட்களில் ரம்மி. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து பஸ் இறக்கிவிட நள்ளிரவு ஆகிவிடும். ஊரெல்லாம் தூங்கும்போதுதான் எங்களுக்குச் சாயங்காலம். இருட்டு ரூமில் அவர் முகம் மட்டும் நீலமாகத் தெரியும். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்துவரை பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு அனுமதியில்லை என்று தமிழ்நாடு அரசின் விதி 2025 பிப்ரவரியில் வந்தது. எங்கள் ஷிஃப்ட் தெரிந்தவர் யாரோ எழுதிய விதி என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பத்து மாதம் முன்பே மாமா ரூமைவிட்டுப் போயிருந்தார்.

*

2023 ஆகஸ்டில் ரூமிலும் பக்கத்து ரூமிலும் சேர்த்துப் பத்துப் பேர் ஒரு குலுக்கல் சீட்டு ஆரம்பித்தோம். மாதம் 2,000. மாமாதான் சீட்டு பிடித்தார், வேறு யாரைச் சொல்வோம்? எனக்கு எட்டாவது மாதம் விழுந்தது. தங்கச்சியின் நர்சிங் காலேஜ் ஃபீஸுக்கு அதைத்தான் நம்பியிருந்தேன்.

2024 மார்ச் பத்தாம் தேதி கேட்டேன். "ஓ.டி. காசு வந்துடட்டும்டா" என்றார். பதினைந்தாம் தேதி கேட்டேன். குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இருபதாம் தேதி இரவு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் ஃபோனைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

கடன் ஆப்கள் ஏழு. வீட்டம்மாவின் நகை அடகு வைத்த ரசீதின் படம். கீழே இறங்க இறங்க வரவு, செலவு. செலவு, செலவு, செலவு. எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கிற புத்தியில் நான் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் அடியில், முதல் வரி, பச்சை நிறத்தில் இருந்தது. நண்பர் அழைப்பு போனஸ், 100 ரூபாய். பக்கத்தில் என் பெயர்.

அவரும் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "தங்கச்சி ஃபீஸுக்கு இன்னா பண்ணுவே?" என்றுதான் கேட்டார்.

சங்கத்தில் கடன் வாங்கி அம்மா கட்டினாள். ஏன் என்று அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு கட்டைப்பையோடு செய்யாறு பஸ் ஏறினார்.

*

அந்த வருடம் வைகாசியில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. சூது நடக்கும் ராத்திரி எப்போதும் கூட்டம் அதிகம். தருமர் ஒவ்வொன்றாக வைத்துத் தோற்கும்போது கிழவிகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டுவார்கள். "எழுந்து போயேன்டா." சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன். அந்த வருடம் சிரிக்க முடியவில்லை. எல்லாம் போய், ஒருமுறை மீண்டு, மறுபடி கூப்பிட்டதும் தருமர் போய் உட்கார்ந்தாரே, அவரை நான் ரூமில் பார்த்திருக்கிறேன். பந்தலின் டியூப்லைட்டுகளில் வழக்கம்போல உபயதாரர்களின் பெயர்கள். ரைஸ் மில், நகைக்கடை, கவுன்சிலர். ஒரு கணம் தோன்றியது, கூத்து மேடைக்கு மேலே 'உபயம்: சகுனி' என்று பேனர் கட்டியிருந்தால் ஊர் விட்டிருக்குமா? பேனர்க் காசில் கூத்து இன்னும் சிறப்பாக நடக்கும், நாலு டியூப்லைட் கூடுதலாக எரியும் என்றால்?

விட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாம் விட்டோமே.

*

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. மக்களவையில் 20-ஆம் தேதி, மாநிலங்களவையில் 21, குடியரசுத் தலைவர் ஒப்புதல் 22. தமிழ்நாடு 2020-லிருந்து அவசரச் சட்டம், நீதிமன்றம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது என்று இழுத்துக்கொண்டிருந்த விஷயம் டெல்லியில் மூன்று நாளில் முடிந்தது. ட்ரீம்11 விலகியது. செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்கு இந்திய அணி ஸ்பான்சர் பெயர் இல்லாத சட்டையில் இறங்கியது. பெயர் இல்லாமலும் ஆட முடிகிறது என்பதைப் பார்க்கவே விநோதமாக இருந்தது.

பிறகு அப்போலோ டயர்ஸ் வந்தது. 2028 வரை 579 கோடி என்றார்கள். அவர்களுடைய ஆலை ஒன்று இங்கே ஒரகடத்தில் இருக்கிறது. சென்னையின் எஃப்சி சட்டையிலும் ஒரு காலத்தில் அந்தப் பெயர் இருந்தது. அம்மாவின் கணக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ரப்பர் வாசனையும் ஷிஃப்ட் சங்கும் இருக்கின்றன. விளையாட்டு இப்போது சுத்தமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. தடை செய்தால் டெலிகிராமில் ஆயிரம் வழி. எங்கள் லைனில் இரண்டு பேர் இன்றும் ஏதோ ஒரு கலர் கேம் ஆடுகிறார்கள். ஆனால் டயர் விற்கிறவன் என்னிடம் டயரைத்தான் விற்பான். நான் தோற்க வேண்டும் என்ற அவசியம் அவனுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அது சின்ன வித்தியாசம் இல்லை.

மாமா இப்போது செய்யாறில் ஒரு ரைஸ் மில்லில் இருக்கிறார். 2024 ஜூனிலிருந்து ஒவ்வொரு பத்தாம் தேதியும் என் ஃபோனுக்கு 500 ரூபாய் வருகிறது. சீட்டில் எனக்குப் பிறகு வரவேண்டிய இரண்டு பேருக்கும் அதேபோல் போகிறது. இந்த நவம்பரோடு பதினெட்டு தவணை. ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் 'சீட்டு' என்று மட்டும் போடுவார்.

இன்னும் 22 மாதம் பாக்கி, 11,000 ரூபாய். அதில் நூறு ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள் மாமா என்று ஒரு மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன். நூறைக் கழித்தால் ஏன் என்று கேட்பார். கேட்கமாட்டார், அவருக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் அனுப்பவில்லை.