அஞ்சு குடம் தண்ணீரும் அஞ்சு டிஸ்கஸ் மீனும்

எங்கள் பக்கத்தில் தண்ணீரை யாரும் லிட்டரில் பேசுவதில்லை. குடத்தில்தான் பேசுவோம். தெருவில் இரண்டு பெண்கள் நின்று பேசினால், "எத்தன கொடம் புடிச்ச?" என்ற கேள்வி வராமல் இருக்காது. சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் எங்கள் வீடு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே நிறுத்திக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் விருதுநகர் மாவட்டத்துக்குக் கதி. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். குடிக்க, சமைக்கக் குழாயில் வருகிற நல்ல தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். அதுவும் எங்கள் தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள்.

இப்படிப்பட்ட ஊரில், நடு வீட்டில், 15 குடம் தண்ணீர் பிடிக்கிற கண்ணாடித் தொட்டி வைத்து அமேசான் காட்டு மீன் வளர்க்கிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். என் மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"மனுசனுக்கே தண்ணியில்ல. மீனுக்கு ஊத்துறீகளாக்கும்?"

கேள்வி நியாயமானது. இந்த மூன்று வருடங்களாக நான் மீன் வளர்ப்பதே அத்தையின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான்.

மீனை வாங்கியது என் கணவர், வளர்ப்பது நான். அவர் காலண்டர் அச்சடிக்கும் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க நிறத்தோடு மல்லுக்கட்டுகிறவர். மதுரையில் ஒரு மீன் கடையில் டிஸ்கஸைப் பார்த்துவிட்டு வந்து, "இந்தச் செவப்ப எந்த மிஷின்லயும் எடுக்க முடியாதும்மா" என்று ஒரு வாரம் புலம்பினார். மகன் வேலைக்காகக் கோயம்புத்தூர் போன வருடம் அது. வீடு வெறிச்சென்று இருந்தது. சரி என்றேன்.

டிஸ்கஸ், பெயருக்கேற்ப வட்டத் தட்டு மாதிரி இருக்கும். நன்றாக வளர்ந்தால் கை அகலம், 15 சென்டிமீட்டருக்குக் குறையாது. பிரேசிலில் அமேசானும் அதன் கிளையான ரியோ நீக்ரோவும் இதற்குச் சொந்த ஊர். 1840-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெக்கல் என்ற மீனியல் அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இவ்வளவு தூரத்து விருந்தாளி என்றாலும், நம் கண்மாயில் கிடைக்கும் ஜிலேபி கெண்டைக்கு இது உறவுக்காரன். இரண்டும் சிக்லிட் குடும்பம். ஜிலேபியும் வந்தேறிதான், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. "அப்ப இதையும் கொழம்பு வைக்கலாமா?" என்று அத்தை கேட்டதை என் கணவர் இன்னும் மன்னிக்கவில்லை.

என்னை இந்த மீனிடம் இழுத்தது நிறமல்ல, பிள்ளை வளர்ப்பு. பொரித்த குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் வழுவழுப்பைத்தான் தின்னும். ஒருத்தர் களைத்தால் மற்றவர் வாங்கிக்கொள்வார். மூன்றாவது வாரம் வாக்கில் பெற்றோர் மெல்ல விலகி நீந்த ஆரம்பிக்கும். குஞ்சுகள் வெளியே இரை தேடப் பழகும். நம் ஊரில் பால் மறக்கடிப்பது போலத்தான்.

டிஸ்கஸுக்கு வேண்டியது சூடான தண்ணீர், 28-லிருந்து 30 டிகிரி. குளிர் நாடுகளில் இதற்காக வருடம் முழுக்க ஹீட்டர் ஓடும். சிவகாசி வெயில் அந்தச் செலவை மிச்சப்படுத்திவிட்டது. மார்கழி, தை ராத்திரிகளில் மட்டும்தான் எங்கள் ஹீட்டருக்கு வேலை. எங்களுக்குப் பயம் சித்திரை, வைகாசி. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அந்த மாதங்களில் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பிவைப்பேன். ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். கரண்ட் போனால் ஓட, பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும்.

இனி அத்தையின் கேள்விக்கு வருவோம்.

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாக மாறும். அது விஷம். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதி செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும்; பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினால்தான் குறையும். டிஸ்கஸ் இதில் ரொம்பக் கறார். தண்ணீர் கெட்டால் கறுத்துப்போய் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும்.

எங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். தொட்டியில் 225 லிட்டர். ஒரு டிஸ்கஸுக்கு 40 லிட்டராவது வேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. ஒன்று, இரண்டு என்று விட்டால் பலமுள்ளது மற்றதைத் துரத்தியே கொன்றுவிடும். அஞ்சாறு இருந்தால் அடி பங்கிடப்படும். ஆக, எங்கள் தொட்டிக்கு அஞ்சு. வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் 75 லிட்டர். அதாவது, சனிக்கிழமைதோறும் அஞ்சு குடம். மீனுக்கு ஒரு குடம்!

விலை மலிவு என்று குஞ்சாக வாங்கினால் இந்தக் கணக்கு உதவாது. வளரும் குஞ்சுகளுக்கு நாளுக்கு நாலைந்து தரம் இரை, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அதனால் காசு கூடினாலும் பரவாயில்லை என்று ஓரளவு வளர்ந்த மீன்களாகவே வாங்கினோம்.

குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டுவைத்தால் குளோரின் போய்விடும். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரும் சேர்ப்பேன். மழைத்தண்ணீர் மென்மையானது, இந்த மீனுக்கு ஏற்றது. ஆனால், எங்கள் ஊரில் தீபாவளிப் புகை அடங்கி, நாலு மழை மாடியைக் கழுவிவிட்ட பிறகுதான் பிடிப்பது. காய்ந்த நாட்டு வாதுமை இலை இரண்டு தொட்டியில் கிடக்கும். தண்ணீர் லேசாகத் தேநீர் நிறம் ஆகும். அமேசான் மீனுக்கு அது பிறந்த வீட்டு வாசம்.

வெளியே எடுக்கும் அஞ்சு குடம் சாக்கடைக்குப் போனால் அத்தை சொன்னதுதான் சரி. போகவில்லை. நைட்ரேட் செடிக்கு உரம். கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை, ஒரு வாழை இருக்கின்றன. முன்பெல்லாம் அவற்றுக்கும் வாரம் அஞ்சாறு குடம் ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம். இப்போது அதே தண்ணீர் மீனைப் பார்த்துவிட்டுச் செடிக்குப் போகிறது. தொட்டியில் உப்போ மருந்தோ போட்டிருக்கும் வாரம் மட்டும் செடிக்கு ஊற்றுவதில்லை. அன்றைக்கு வாசல் கழுவிக்கொள்வோம்.

இந்தக் கணக்கு புரிந்த பிறகு அத்தை கொஞ்சம் இறங்கிவந்தார். ஆனால், புதுச் சண்டை ஒன்று முளைத்தது. டிஸ்கஸுக்குத் துணை மீன் வேண்டும் என்றேன்.

துணை தேடும்போது எல்லோரும் பார்ப்பது அழகை. பார்க்க வேண்டியது மூன்று: அந்தச் சூட்டைத் தாங்குமா, டிஸ்கஸின் இரையைப் பறிக்குமா, எவ்வளவு கழிவு போடும். டிஸ்கஸ் நிதானமாகத் தின்கிற மீன், இரையை ஒரு தரம் வாயில் வாங்கித் துப்பி, யோசித்துப் பிறகு விழுங்கும். பக்கத்தில் அவசரக்காரன் இருந்தால் பட்டினிதான்.

தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவும் அதிகம். ஏஞ்சல் உறவுக்கார மீன்தான். ஆனாலும் முந்திக்கொண்டு தின்னும், வளர்ந்தால் அதட்டும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் தள்ளிவிடும் சக்கர் மீன்தான் ஆபத்தானது. ராத்திரியில் டிஸ்கஸ் உடம்பில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சும், ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்த சக்கரைக் கண்மாயில் கொண்டுபோய் விடுவது அதைவிட மோசம். நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே அது பெருகிக் கிடக்கிறது.

நான் தேர்ந்தெடுத்தது கார்டினல் டெட்ரா. நீலக் கோடும் சிவப்பு வயிறும் கொண்ட இரண்டு அங்குல மீன். பார்ப்பதற்கு நியான் டெட்ரா போலவே இருக்கும். நியானுக்கு 30 டிகிரி ஆகாது, கார்டினலுக்கு ஆகும். ஏனென்றால் அதுவும் ரியோ நீக்ரோக்காரன். அந்த ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஓர் ஊர். வண்ண மீன் பிடித்து விற்பது அங்கே பலருக்குப் பிழைப்பு. அதற்காக ஒரு திருவிழாவே உண்டு. ஊர் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிப்பாடிப் போட்டிபோடும். ஓர் அணியின் பெயர் கார்டினல், இன்னொன்று டிஸ்கஸ்! அடித்தளத்துக்கு ஸ்டெர்பாய் கோரிடோராஸ் ஆறு. சூடு தாங்கும், மிஞ்சிய இரையைப் பொறுக்கித் தின்னும் சாதுவான மீன். அதன் மீசை தேயாமல் இருக்க மென்மையான மணல் போட்டேன்.

"பெரிய மீனு அஞ்சு பத்தாதா? இந்தப் பொடுசுக வேற எதுக்கு? இதுகளுக்கு எத்தன கொடம்?" என்றார் அத்தை.

கூடுதல் குடம் இல்லை என்றேன். இருபது கார்டினலைச் சேர்த்து நிறுத்தாலும் வளர்ந்த ஒரு டிஸ்கஸின் எடை வராது. அவர் நம்பவில்லை. எதுக்கு என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவரின் அக்கா, மதினி, ஒரு ஃபயர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போன வருடம் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். தூரத்தில் ஒரு சத்தம். வெள்ளோட்டம் பார்க்கிற வெடிச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். இது வேறு என்று காதுக்குத் தெரியும். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெரு முழுக்கக் கதவு திறந்தது. "எந்தப் பக்கம்?" "எந்த ஆபீஸு?" வேலை செய்யும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. மதினியைக் கூப்பிட வழியில்லை. அவர் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அத்தை கால் பலமில்லாமல் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். டிஸ்கஸ் அஞ்சும் கறுத்து, துடுப்பை ஒடுக்கி, மரக்கட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்தன. கார்டினல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவற்றுக்குச் செவி இன்னும் கூர்மை. காற்றுப்பையிலிருந்து உட்காது வரை அதிர்வைக் கொண்டுபோகும் சின்னஞ்சிறு எலும்புகள் உண்டு. நானும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் பேசவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். இலைக்கு அடியிலிருந்து ஒரு கார்டினல் வந்தது. பிறகு மூன்று. பிறகு கூட்டமாக நடுத்தொட்டிக்கு வந்து நீந்தின. அதன் பிறகுதான் ஒரு டிஸ்கஸ் மெல்லத் தலையை நீட்டியது. சின்ன மீன்கள் வெளியே திரிந்தால் ஆபத்து இல்லை என்பது பெரிய மீனின் கணக்கு. காட்டாற்றிலும் அப்படித்தான். டிஸ்கஸுக்குத் துணை வேண்டும் என்பது இதற்காகத்தான். அத்தை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றேகால் மணிக்கு மதினியே அலுவலகப் போனில் பேசினார். அவர் இருந்த இடம் இல்லை. அத்தை மகளிடம் ரெண்டு வார்த்தைதான் பேசினார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு நல்ல சேதி வந்த நேரத்தில் வேறு ஏதோ வீட்டுக்கு என்ன சேதி போயிருக்குமோ என்ற நினைப்பில் அன்று அடுப்பு பற்றவைக்கக் கை ஓடவில்லை.

சின்ன மீன்களைப் பற்றி அத்தை அதற்குப் பிறகு கேட்கவில்லை. சனிக்கிழமை மட்டும் வாளியோடு அவர்தான் முதலில் வந்து நிற்பார். எந்தக் குடம் முருங்கைக்கு, எந்தக் குடம் மல்லிகைக்கு என்பதெல்லாம் அவர் தீர்ப்பு.

டிஸ்கஸ் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்குப் போகும் முன், வாரத்துக்கு எத்தனை குடம் ஒதுக்க முடியும் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டரை ஓடவிட்டு நாலிலிருந்து ஆறு வாரம் பொறுத்து, அதில் பாக்டீரியா குடியேறிய பிறகு மீன் விடுங்கள். துணை மீனை அதே சூட்டில், அதே தண்ணீரில் பிழைக்கக்கூடியதாகத் தேடுங்கள். எண்ணிக்கையைத் தொட்டியின் அளவு மட்டுமல்ல, உங்கள் ஊர்க் குழாயும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

பொங்கலுக்கு வந்த மகன், நீல நிறத்தில் இன்னொரு டிஸ்கஸ் வாங்கி விடலாமே என்று போனில் படம் காட்டினான். நான் வாயைத் திறக்கும் முன் அத்தை முந்திக்கொண்டார்.

"கொடம் அஞ்சுதான்யா இருக்கு."