பின்பாட்டு தாங்கும் மூச்சு

தெருக்கூத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் முதலில் பார்ப்பது தொண்டையை அல்ல, முழங்காலை. செய்யாறு வட்டாரத்துக் கிராமம் அது. அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயலோரத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். வாத்தியார் பின்பக்கமாக நடந்துபோய், ஒவ்வொருவர் முழங்கால் மடிப்பிலும் ஒரு தட்டுத் தட்டினார். விறைத்து நின்றவன் முன்னால் சாய்ந்தான். "இப்படிக் கட்டை மாதிரி நின்னுக்கினு இன்னா பாடுவ? பாட்டு கழுத்துலியே மாட்டிக்கும். காலைத் தளர வுடு."

சென்னையில் இப்போது குரலை விடுவித்துத் தருவதாகச் சொல்லும் பயிலரங்குகள் நிறைய நடக்கின்றன. குளிரூட்டிய கூடம், பாய், கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்த மூச்சு, கணிசமான கட்டணம். உள்ளே பூட்டிக் கிடக்கும் உன் குரலை நீயே கண்டுபிடி என்பார்கள். நானும் இரண்டொன்றுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் விடிய விடிய எட்டு மணி நேரம், உடம்பில் வேஷத்தின் கனத்தோடு, ஆடிக்கொண்டே பாடுகிறவர்களுக்கு இந்தக் காரியம் எப்படிக் கைவருகிறது என்று பார்க்கத்தான் இந்த வயலுக்கு வந்தேன்.

சுருதியில் தொடங்க வேண்டும். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். இந்த ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், ஆர்மோனியம் ஐந்து கட்டையில் நிற்கிறது. அதில் மேல் ஸட்ஜத்தைத் தொடும்போது குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 390 முறை மோதிப் பிரிகின்றன. மைக் இல்லாத காலத்தில் ஊர்க்கோடியில் உட்கார்ந்தவனுக்கும் கேட்க வேண்டும், பக்கத்திலேயே முழங்கும் மிருதங்கத்தையும் டோலக்கையும் கடந்து போக வேண்டும் என்ற தேவையில் பிறந்த உயரம் இது. நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா உச்ச சுருதியில் கோலோச்சியதும் அதே உலகத்தில்தான். அவர் 1933இல் 27 வயதில் மறைந்துவிட்டார். அவரைப்போல் பாடப் போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் கதை நாடகக்காரர் குடும்பங்களில் இன்றும் உலவுகிறது.

அந்த உயரத்துக்குக் கத்திக்கொண்டு ஏற முடியாது. இதை வாத்தியார் சொல்லிக் காட்டவில்லை, செய்யவைத்தார். ஒரு பையனை வயலின் எதிர் வரப்புக்கு அனுப்பிவிட்டு, இந்தப் பக்கம் நின்றவனிடம், "அவனைச் சோறு துன்னக் கூப்புடு" என்றார். பையன் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்லி நீட்டிக் கூப்பிட்டான். தாராளமாகப் போய்ச் சேர்ந்தது. "இப்ப அதே குரல்ல விருத்தத்தோட மொத வரியச் சொல்லு." உடனே பையனின் தோள் ஏறியது, தாடை இறுகியது, குரல் பாதி வயலில் விழுந்தது. பாட்டு என்று தெரிந்ததும் உடம்பு பயந்துவிடுகிறது. மறுபடி கூப்பிடு, மறுபடி விருத்தம். கூப்பிடுவதற்கும் பாடுவதற்கும் நடுவே இருக்கும் அந்த விறைப்பு கரைகிறவரை இது நடந்தது. எதிர் வரப்பில் நின்றவனுக்குப் பசி எடுத்திருக்கும்.

மனிதக் காது விநாடிக்கு 2000 முதல் 5000 வரை அதிரும் ஒலிகளையே மிகக் கூர்மையாகப் பிடிக்கிறது. குரலில் அந்தக் கூர் இருந்தால் பலத்தைக் காட்டாமலே மத்தளத்தைத் தாண்டிவிடலாம். வாத்தியாருக்கு இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. "வெங்கலம் பேசணும்" என்பார், அவ்வளவுதான்.

கட்டை வேஷம் கட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சங்கடம் தெரியும். கிரீடம், இரண்டு தோளிலும் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம் எல்லாம் மரம். அதன்மேல் கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும். இடுப்பை இறுக்கிக் கட்டிய பிறகு வயிறு முன்னால் தள்ளி மூச்சு வாங்க இடமில்லை. மூச்சு விலாவின் பக்கவாட்டிலும் முதுகிலும் விரிய வேண்டியிருக்கிறது. பழைய பாடகர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சாதகம் செய்ததாகக் கேள்விப்பட்டிருப்போம். அங்கே நெஞ்சை அழுத்துவது தண்ணீர், இங்கே கச்சை. எதிர்ப்பு இருந்தால்தான் மூச்சிழுக்கும் தசை வேலை செய்யப் பழகும். அதனால்தான் இந்த ஜமாவில் பயிற்சிக்குக்கூட இடுப்பில் பழைய புடவையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள்.

மனசுக்கு இவர்கள் வைத்திருக்கும் மருந்து திரை. கூத்தில் முக்கியமான பாத்திரம் நேரே வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்திருக்க, அதற்குப் பின்னாலிருந்து திரைவிருத்தம் எழும். விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. எங்கே நீட்டுவது, எங்கே மூச்செடுப்பது என்பதெல்லாம் பாடுகிறவன் கையில். அவன் முகம் யாருக்கும் தெரியாது, அவனுக்கும் கூட்டம் தெரியாது. கூச்சப்படுகிற பிள்ளைகளை வாத்தியார் மாதக்கணக்கில் ஒரு பழைய வேட்டிக்குப் பின்னாலேயே நிறுத்திப் பாடவைக்கிறார். துணியை அவசரமாக விலக்குவதில்லை. ஒருநாள் துணி பிடித்திருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் கையை இறக்கினார்கள். உள்ளே நின்ற பெண்பிள்ளை கவனிக்காமல் பாடிக்கொண்டே இருந்தாள். மேடை பயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்த வேட்டியைவிட நல்ல வைத்தியம் எதையும் நான் படித்ததில்லை.

இத்தனைக்கும் பிறகும் இவர்கள் பாட்டின் ரகசியம் பாடுகிறவரிடம் இல்லை. பெஞ்சில் இருக்கிறது. ஆடுகளத்துக்குப் பின்னால் போட்ட பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணைக்காரர்கள் இருப்பார்கள். வேஷம் இல்லாத மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். வேஷக்காரர் தரு எனும் கூத்துப் பாட்டின் அடி ஒன்றைப் பாடுவார். அதைப் பெஞ்சு வாங்கித் திருப்பிப் பாடும். அந்த இடைவெளியில் அவர் அடவு போடுவார், கிறுக்கி சுற்றுவார். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது ஆட்டத்துக்கான நேரம். பக்கத்தில் போய் நின்றால்தான் தெரிகிறது, அது மூச்சு வாங்குகிற நேரமும்கூட.

இன்னும் கிட்டப்போய்க் கேட்டால் நுணுக்கம் ஒன்று பிடிபடும். அடி முழுவதும் முடிந்த பிறகு பின்பாட்டு எடுப்பதில்லை. வேஷக்காரரின் கடைசி எழுத்து இன்னும் வாயில் இருக்கும்போதே பெஞ்சு அதன்மேல் ஏறிவிடுகிறது. ஆகவே அவர் நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்றைப் பிழிந்து அடியை முடித்துவைக்க வேண்டியதில்லை. தொண்டை கெடுவதற்கு அந்தக் கடைசிப் பிழிதலும் ஒரு காரணம். காற்று தீர்ந்த பின்னும் ஒலி வேண்டும் என்று அழுத்தும்போது குரல்நாண்கள் உரசித் தடிக்கின்றன. நாளடைவில் காய்ப்பு ஏறினாற்போல் முடிச்சு விழுகிறது. இங்கே அந்தக் கணத்தில் வேறு நாலு பேர் அந்த ஒலியை வாங்கிக்கொள்கிறார்கள். ஓடுகிறவன் பாரத்தை இறக்காமலே கைமாற்றிவிடுகிற மாதிரி.

வாத்தியார் என்னையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். "கேட்டா புரியாது சார், வந்து எடுங்க." எனக்கு இடப்பக்கம் டோலக், வலப்பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, வேஷக்காரரின் முதுகைத்தான் பார்த்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். "முதுகு ஏறி எறங்கும் சார். எறங்கி முடியறதுக்குள்ள நாம எடுத்துடணும்." நடிகரின் மூச்சை அவர் முதுகில் படிக்கும் ஆள் இவர். புதிதாக வரும் பிள்ளைகளை வேஷம் கட்டவிடாமல் பின்பாட்டிலும் தாளத்திலும் உட்கார்த்தி வைப்பதன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. பிறர் மூச்சைத் தாங்கிப் பழகியவனுக்குத்தான் தன் மூச்சை நம்பிக் கொடுக்கத் தெரியும்.

இந்த ஜமாவில் பெண் வேஷத்துக்குப் பேர்போன பெரியவர் ஒருவர் இருக்கிறார். பகலில் ஆடு மேய்க்கிறார். வட மாவட்டங்களில் சாவு வீட்டுக் காரியத்துக்கும் கர்ண மோட்சம் ஆடுவார்கள். அதில் கர்ணனின் மனைவி பொன்னுருவி புலம்ப வேண்டும், கேட்கிறவர்கள் உண்மையிலேயே ஆளைப் பறிகொடுத்தவர்கள். நிஜமாக அழுகை வந்தால் தொண்டை அடைக்கும். காற்றுக்காகத் தொண்டை திறக்கப் பார்க்கிறது, விழுங்கும்போது மூடிக்கொள்கிறது. அந்த இழுபறியைத்தான் அடைப்பு என்கிறோம். அடைத்தால் ஐந்து கட்டை எங்கே வரும்?

"அழுவையத் தோளுக்கு அனுப்பிடணும்" என்றார் பெரியவர். எழுந்து காட்டினார். தோள் குலுங்கியது, முந்தானை பிடித்த விரல்கள் நடுங்கின, தாளம் ஓர் இழை பின்தங்கி நடந்தது. குரல் மட்டும் தடையில்லாமல், ஈரமே இல்லாத கம்பியாக மேலே நின்றது. எங்களோடு உட்கார்ந்திருந்த சூளைக்காரர் மூக்கை உறிஞ்சினார். பெரியவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். தொண்டைக்கு ஆகாதே என்றேன். "ஆவாதுதான்" என்றார்.

ஆவேசம் பற்றியும் பேச வேண்டும். பாரதக் கூத்து திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவோடு பிணைந்தது. துகிலுரியும் கட்டத்துக்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கர்ப்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கைவைப்பார். கூட்டத்தில் சிலருக்கு அருள் வருவதுண்டு, வேஷக்காரருக்கே வருவதும் உண்டு. தன்னை மறந்து பாடுவதே உச்சம் என்று எழுதிவைத்திருக்கும் நமக்கு வாத்தியாரின் எண்ணம் ஏமாற்றமாக இருக்கலாம். "சாமி வந்துட்டா தாளம் பூடும் சார். பாதி ஆளு அங்க போவலாம், பாதி ஆளு கெச்சையில இருக்கணும்." காலில் கட்டிய சலங்கையைத்தான் சொல்கிறார். பரவசத்துக்கு இடமுண்டு, ஆனால் கால் கணக்குத் தப்பக்கூடாது. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமமும் இந்த வட்டாரம்தான். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்கள் அந்த ஊர்க் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பயின்றார்கள். நகரத்து நாடகத்தில் வாயும் உடம்பும் தனித்தனியாகக் கிடந்தபோது, இரண்டும் ஒன்றாக இயங்கும் இடம் தேடி வந்தவர்கள் அவர்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் இதைத் திறந்துவிட்டது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐந்து கட்டை பெண் குரலுக்கு இயல்பான சுருதி. ஆண்கள் மகரக்கட்டைத் தாண்டி, வருஷக்கணக்கில் பாடுபட்டு ஏறும் படியில் பெண்கள் சும்மா நடந்துபோய் நிற்கிறார்கள். ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் காத்த கலையின் சுருதி பெண்ணுக்குப் பொருந்தியிருந்திருக்கிறது!

மைக் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ஆடுகளத்தின் நடுவே தலைக்குமேல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பாட்டு வந்தால் வேஷக்காரர் அதனடியில் போய் அண்ணாந்து நிற்கிறார். முழங்கால் விறைக்கிறது, கழுத்து நீள்கிறது. ஒலிபெருக்கிகள் கூட்டத்தைப் பார்த்திருப்பதால் அவருக்குத் தன் குரல் கேட்பதில்லை, முதுகுக்குப் பின்னால் மேளம் மட்டும் கேட்கிறது. இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை ஏற்றுவான் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லம்பார்ட் 1911இலேயே சொல்லிவிட்டார். ஆக, தொண்டைக்கு ஓய்வு தரவேண்டிய கருவி கூடுதலாகக் கத்தவைக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு பெஞ்சில். பின்பாட்டுக்கு வரக்கூடிய இளைஞர்கள் செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளுக்கு ஷிப்டு போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பெஞ்சில் ஆறு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் என்றால், வேஷக்காரர் தன் அடியைத் தானே முடித்து, தானே திருப்பியும் பாட வேண்டியிருக்கிறது. விடியும்போது கரகரத்துப் போன குரலுக்குச் சுக்கும் அதிமதுரமும் தேடுகிறார்கள்.

நான் கிளம்பத் தயாரானபோது பக்கத்து ஊர்க் கோயில்காரர் ஒருவர் பங்குனித் திருவிழாவுக்குக் கூத்து பேசவந்தார். தாம்பூலம் வைத்துவிட்டு, மைக்தான் இருக்கிறதே, ஆளைக் குறைத்துத் தொகையைக் குறைக்கலாமே என்றார். வாத்தியார் கிரீடத்துக்கும் முகப்பூச்சுக்கும் ஆகும் செலவைப் பேசினார், வண்டி வாடகையில் விட்டுக்கொடுத்தார், தன் பங்கிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பின்பாட்டுக்கு வந்ததும் நோட்டை மூடிவிட்டார். "அது ஆறு பேரு. அதுல ஒண்ணும் பேச வேணாம்ணா." அரைமணி நேரம் இழுத்த பிறகு ஆறு என்றே எழுதினார்கள். முன்பணத்தை எண்ணி வாங்கியதும் சூளைக்காரருக்குப் போன் போட்டு, அந்த ராத்திரிக்கு லீவு சொல்லிவைக்கச் சொன்னார்.