இரவல் மாமா

தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்குமா? நம் பக்கத்தில் நடக்காது என்பீர்கள். பஞ்சாபிலும் நடக்காது, வாசகர்களே! அங்கே மணப்பெண்ணின் கைக்குச் சிவப்பு வளை ஏற்றுகிறவர் தாய்மாமன்தான். அப்படி ஒரு வீட்டில், கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது மாமனைக் காணோம். அந்த இடத்துக்கு இரவலாகப் போனவர் யார் தெரியுமா? கோதுமை ரொட்டியைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் என் கணவர்!

2011-ல் அவருக்கு ஜலந்தருக்கு மாற்றல் ஆயிற்று. அடுத்த வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நான் 'பஹன்ஜி' என்று கூப்பிடுவேன். சகோதரி என்று அர்த்தம். அவளுடைய பெண்ணை எல்லோரும் 'குட்டி' என்பார்கள். பஞ்சாபியில் பொம்மை என்று பொருளாம். உச்சரிப்பு கொஞ்சம் வேறு. ஆனால் என் காதில் நம் ஊர்க் குட்டியாகத்தான் விழுந்தது. அவளும் பாதி நாள் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பாள்.

அந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு கல்யாணம். ஹிந்துக் கல்யாணம் ஒன்றுக்குப் போனோம். முகூர்த்தம் நடுநிசிக்கு மேல்! குளிரில் பல் கிட்டிப் போக, அக்கினி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். பெண்ணின் சகோதரன் அவள் கையில் பொரியை இடுவதைப் பார்த்ததும், 'அட, நம் பொரியிடல்!' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு முறை மலேர்கோட்லாவுக்குப் போனோம். இவருடைய நண்பரின் தங்கைக்கு நிக்காஹ். மலேர்கோட்லாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குரு கோவிந்த சிங்கின் இளம் புதல்வர்களை ஸர்ஹிந்தில் கொல்லத் துணிந்தபோது, 'இது தகாது' என்று எதிர்த்தவர் அந்த ஊர் நவாப் ஷேர் முகம்மது கான். சீக்கியர்கள் அதை மறக்கவில்லை. 1947-ல் பஞ்சாப் முழுதும் பற்றி எரிந்தபோதும் அந்த ஊர் அமைதியாகவே இருந்தது. கல்யாணத்தில் பெண் வேறொரு அறையில் இருந்தாள். பெரியவர்கள் போய், மஹர் தொகையைச் சொல்லி, 'சம்மதமா?' என்று கேட்டு வந்த பிறகுதான் மேலே காரியம் நடந்தது. குர்தாஸ்பூர் பக்கத்தில் ஒரு மாதா கோவில் கல்யாணமும் பார்த்தேன். இமாமுத்தீன் ஷாபாஸ் என்ற போதகர் சங்கீதங்களைப் பஞ்சாபிப் பாட்டாக எழுதி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டோலக்குடன் அவற்றைப் பாடியபோது, கண்ணை மூடிக்கொண்டால் குருத்வாராவா, மாதா கோவிலா என்று எனக்குப் புரியவில்லை.

நடத்தி வைப்பவர் கிரந்தியோ, பண்டிதரோ, காஜியோ, பாதிரியாரோ, அவருடைய வேலை ஒரு மணி நேரம். மற்ற மூன்று நாளும் பெண்கள் ராஜ்யம். மாவும் மஞ்சளும் கடுகெண்ணெயும் குழைத்துப் பெண்ணுக்குப் பூசுவது, மருதாணி, டோலக், சம்பந்தி வீட்டாரை வாய்க்கு வந்தபடி கேலி பண்ணும் பாட்டு – இவற்றில் நான் போன வீடுகளில் பெரிய வித்தியாசம் ஒன்றும் காணவில்லை.

குட்டியின் கதைக்கு வருகிறேன். பஹன்ஜியின் அப்பா மோகா பக்கத்தில் நிலம் வைத்துவிட்டுக் காலமானார். பெண்ணுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. விளைநிலத்தில் இருந்த தடங்கலையும் 2005-ல் நீக்கினார்கள். ஆனால் அங்கே பெண்கள் பெரும்பாலும் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தால்தான் பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும்; குழந்தைகளின் கல்யாணத்துக்கு மாமன் சீர் வரும். பஹன்ஜி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். குட்டியை நர்ஸ் படிப்புக்குச் சேர்க்கப் பணம் வேண்டியிருந்தது. அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். பெண் படித்து முடித்து, வேலைக்குப் போய், 2014 நவம்பரில் கல்யாணமும் நிச்சயமாயிற்று. பத்திரிகையை எடுத்துக்கொண்டு பஹன்ஜி அண்ணன் வீட்டு வாசல் வரை போனாள். வாசலோடு திரும்பினாள்.

மறுநாள் சாயங்காலம் ஒரு தட்டில் பின்னி உருண்டைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "உங்கள் வீட்டுக்காரர் குட்டிக்கு மாமாவாக நிற்பாரா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வளை போடத்தானே? போட்டால் போயிற்று" என்றார் இவர், அசட்டுத் தைரியத்துடன். வளை ஏற்றி முடிக்கும் வரை மாமனும் மாமியும் பட்டினி இருக்க வேண்டும் என்பது அப்புறந்தான் தெரிந்தது! கடைத்தெருவுக்குப் போய் இருபத்தொரு வளை கொண்ட 'சூடா' வாங்கினோம். முன்பெல்லாம் யானைத் தந்தத்தில் செய்வார்களாம். இப்போது பிளாஸ்டிக்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு 'ஜாகோ'. 'விழித்திரு' என்று பொருள். செப்புக் குடத்தைச் சுற்றிலும் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வர வேண்டும். யார்? மாமி! அதாவது நான்! கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை. பெண்ணின் அத்தைமார் எங்களைக் கேலி பண்ணிப் பாட ஆரம்பித்தார்கள். மதராஸ் மாமனுக்கு மீசை வந்து சேர்ந்ததாம், தலைப்பாகை ரயிலிலேயே தங்கிவிட்டதாம்! மாமன் வீட்டார் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எனக்குப் பஞ்சாபிப் பாட்டுக்கு எங்கே போவது? தெரிந்த நலங்குப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டேன். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கை தட்டிய தட்டலில் விளக்கே அணைந்துவிடும் போல் இருந்தது. பஹன்ஜி மட்டும் அடிக்கடி தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தது. பாலும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வளைகள் கிடந்தன. அலங்காரம் முடிகிற வரை பெண் அவற்றைப் பார்க்கக்கூடாதாம்; குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவர் முதல் வளையைக் கையில் எடுத்தார். அப்போது வாசலில் ஏதோ சலசலப்பு.

வெள்ளைத் துப்பட்டா போர்த்திய ஒரு கிழவி, கையில் துணி மூட்டையுடன் நின்றாள். பஹன்ஜியின் அம்மா! பிள்ளையிடம் சொல்லாமல், இருட்டோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். "மாமன் வரவில்லை. பாட்டி வந்திருக்கிறேன்" என்றாள்.

மூட்டையை அவிழ்த்தாள். சிவப்புக் கதர்த் துணியில், பொன் நிறப் பட்டு நூல் வேலை. 'சோப்' என்பார்கள். பேத்தி பிறந்ததும் தாய் வழிப் பாட்டி தையலைத் தொடங்கி, அவள் கல்யாணத்துக்காகப் பெட்டியில் வைத்திருப்பாள். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் அடி என்று சொல்ல முடியாது; இரு புறமும் ஒரே மாதிரி. இது இருபத்து மூன்று வருஷம் காத்திருந்த துணி. அதைக் குட்டியின் தோளில் போர்த்திவிட்டு, இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா?"

"ஆமாம், மாதாஜி."

"ஏதாவது சாப்பிட்டாயா?"

"இல்லை, மாதாஜி."

"அப்படியானால் போடு" என்றாள்.

இவருக்குக் கை நடுங்கிற்று. குட்டியின் மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. பஹன்ஜி தன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மூன்று நாளாக அழாததையெல்லாம் சேர்த்து அழுது தீர்த்தாள்.

பிறகு குருத்வாரா வாசலில் 'மில்னி'. அப்பாவை அப்பாவும், மாமாவை மாமாவும் மாலை போட்டுத் தழுவிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் மாமா ஆறடி உயரம். இரவல் தலைப்பாகையுடன் நின்ற இவரை ஒரே மூச்சில் தரையிலிருந்து தூக்கிவிட்டார்! உள்ளே போனால் அத்தனை சத்தமும் அடங்கிவிட்டது. அக்கினி இல்லை, நாள் நட்சத்திரம் பார்த்ததும் இல்லை. மாப்பிள்ளையின் மேல்துண்டு நுனியை அப்பா மகளின் கையில் கொடுத்தார். குரு ராம்தாஸ் அருளிய நான்கு பாடல்கள். ஒவ்வொன்றாகப் பாடப் பாட, கிரந்த சாகிபைச் சுற்றி நான்கு முறை வந்தார்கள். அவ்வளவுதான் கல்யாணம். எல்லோர் கையிலும் சுடச்சுட, நெய் ஒழுகும் கோதுமைப் பிரசாதம். இவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

புறப்படும்போது குட்டி பொரியை வாரித் தலைக்கு மேலே பின்பக்கமாக இறைத்தாள். பாட்டி துப்பட்டாவை விரித்து ஏந்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பாட்டியைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனோம். இவர் கையில் நூற்றொரு ரூபாயைத் திணித்தாள். "வீட்டுக்குப் போனால் உங்கள் பிள்ளை ஏதாவது சொல்ல மாட்டாரா?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவான்? அவனுக்கு ரொட்டி நான்தான் சுடுகிறேன்" என்றாள்.

நாங்கள் 2016-ல் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். நில வழக்கு இன்னும் முடியவில்லை, அண்ணனும் பேசவில்லை. ஆவணி பிறந்தால் பஹன்ஜியிடமிருந்து இவருக்கு ராக்கிக் கயிறு தபாலில் வந்துவிடுகிறது. பதிலுக்கு என்ன அனுப்புவது என்று இவர் பத்து நாள் யோசிப்பார். யோசித்து, ஒவ்வொரு வருஷமும் அதே அப்பளக் கட்டைத்தான் அனுப்புகிறார்.