மயிலையிலிருந்து அடையாறு வரை: புள்ளிகளோடு ஒரு பயணம்

சென்னையின் மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் அடையாற்றையும் அறியாதவர்கள் உங்களுள் மிகச் சிலரே இருப்பார்கள். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வீதிகளில் நடந்து பழகியவன். ஆயினும், கண்ணில் லேசர் சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரத்தில் நான் கண்ட வீதிகள் வேறாக இருந்தன. அந்த ஒரு நாள் பயணத்தை உங்களிடம் சொல்வதில் ஒரு நோக்கம் உண்டு. அதைக் கடைசியில் கூறுகிறேன்.

முதலில் நோய் வந்த வரலாறு. எனக்குப் பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டேன். கண்ணை மட்டும் ஒரு முறையும் காட்டியதில்லை. பார்வை நன்றாக இருக்கும்போது கண் மருத்துவர் எதற்கு என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் மத்ரஸாவில் பாடம் நடந்துகொண்டிருந்தது. அறபு எழுத்துகளில் 'ஹா'வுக்குப் புள்ளி இல்லை. வயிற்றில் ஒரு புள்ளி விழுந்தால் அது 'ஜீம்'. தலைமேல் விழுந்தால் 'கா'. 'ஹா' என்று ஓத வேண்டிய இடத்தில் நான் 'ஜீம்' என்று ஓதிவிட்டேன். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி, "ஹஜ்ரத், அங்கே நுக்தா இல்லையே" என்றான். உற்று நோக்கினேன். புள்ளி தாளில் இல்லை. என் கண்ணுக்குள் இருந்தது. பார்வையைத் திருப்பினேன், அதுவும் உடன் வந்தது.

அச்சு மங்கியிருக்கிறது என்று சொல்லி அன்று சமாளித்துவிட்டேன். பிள்ளைகளிடம் பொய் சொன்னேனே என்ற உறுத்தல் இன்றும் உண்டு. ஓதிக்கொடுத்துப் பிழைப்பவனுக்குக் கண் போனால் என்ன மிஞ்சும் என்ற அச்சமே என்னை அப்படிப் பேச வைத்தது.

மருத்துவர் சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்துப் பார்த்தார். விழித்திரையில் வேண்டாத புதிய இரத்த நாளங்கள் முளைத்திருந்தன. அவற்றுள் ஒன்று கசிந்திருந்தது. பல அமர்வுகளில் லேசர் செய்யப்பட்டது. விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு சூடுகள் இடுகிறார்கள். ஓரத்தின் பிராணவாயுத் தேவை குறைவதால் புதிய நாளங்கள் சுருங்குகின்றன, நடுப்பார்வை காப்பாற்றப்படுகிறது. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் விழுந்த தழும்பைக் கண்டுதான், ஜெர்மானிய மருத்துவர் மேயர் ஷ்விக்கராத் 1940களில் ஒளியையே மருந்தாக்க எண்ணினாராம். 1960இல் லேசர் பிறந்தபின் அந்த வழி எளிதாயிற்று.

இனி பயணத்துக்கு வருவோம். அன்று காலை பஜ்ருத் தொழுகையைக் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுதேன். கண்ணுக்குள் இரத்தக் கசிவு இருந்தமையால், சில வாரங்களுக்குத் தலையைத் தாழ்த்த வேண்டாம் என்றும், இரவில் தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும் என்றும் மருத்துவர் எனக்குச் சொல்லியிருந்தார். ஸுஜூது செய்ய முடியாமல் அமர்ந்திருந்தபோது முதல் நாள் நெஞ்சு கனத்தது. பிறகு, இயலாதவனுக்கு மார்க்கம் அளித்த சலுகையைப் பிறருக்கு ஓதிக்கொடுத்த நானே அதை ஏற்கக் கூசுவது என்ன நியாயம் என்று தெளிந்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதை மனம்விட்டுக் கேட்க வேண்டும்.

அங்கிருந்து மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தோரம் நடந்தேன். அக்குளத்துக்கான நிலத்தை ஆற்காட்டு நவாபு வழங்கினார் என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வெளுத்த வானம் நீரில் படிந்திருந்தது. அவ்வெண்மையின் மீது என் புள்ளிகள் கூட்டமாக எழுந்தன. சில ஈக்களைப் போல, சில சிலந்தி நூலைப் போல, ஒன்று அறுந்த தஸ்பீஹ் மணிகளைப் போல. கையை வீசி விரட்டத் தோன்றியது.

கண்ணின் உள்ளே முட்டை வெண்கரு போன்ற ஒரு கூழ் இருக்கிறது. அதில் மிதக்கும் இரத்தத் துகளோ இழையோ விழித்திரைமேல் வீழ்த்தும் நிழலைத்தான் நாம் புள்ளியாகக் காண்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்ற நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் பார்வை உண்டாவதில்லை; பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதாலேயே உண்டாகிறது என்று நிறுவினார். வரும் ஒளியின் வழியில் ஒரு துகள் குறுக்கே நின்றால் நிழல் விழத்தானே செய்யும்? இதை எண்ணியதும் புள்ளிகளின் மீதிருந்த அச்சம் பாதி குறைந்தது.

அடுத்த மாதம் மகளுக்கு நிக்காஹ். ஜவுளி வாங்க அவளையும் அழைத்துக்கொண்டு லஸ் முனைக்கு வந்தேன். மெட்ரோ ரயில் பணிக்கான தடுப்புகளால் வழியே மாறியிருந்தது. வந்த பேருந்தின் எண் கலங்கிய நீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிந்தது. மகள் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அருகில் நின்ற இளைஞரிடம், "தம்பி, இது தி.நகர் போகுமா?" என்று கேட்டேன். "போகும் பாய், பாத்து ஏறுங்க" என்று கைகொடுத்தார். கேட்பதற்கு எத்தனை கூச்சப்பட்டேனோ, அத்தனை எளிதாக முடிந்தது காரியம்.

தியாகராய நகரில்தான் லேசரின் விலை எனக்குப் புரிந்தது. ஓரங்களில் சூடிட்டமையால் பக்கப் பார்வை சற்றுக் குறைந்திருந்தது. ரங்கநாதன் தெருவில் பக்கத்திலிருந்து வருவோர் திடீரென முளைத்தவர்கள்போல் வந்து மோதினார்கள். ஆகவே, மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட நடைமேம்பாலத்தில் ஏறிக்கொண்டோம். பாண்டி பஜாரில் 2019இல் அகலப்படுத்திய நடைபாதையும் என் போன்றோருக்குப் பேருதவி. கடைக்குள் நுழைந்ததும் வெயிலுக்குப் பழகிய கண் விளக்கொளிக்குப் பழகச் சில நிமிடங்கள் பிடித்தன. ஒரு துணியைக் காட்டி, "இந்தக் கறுப்பு நன்றாக இருக்கிறதே" என்றேன். "அத்தா, இது கறுப்பு இல்லை, கருநீலம்" என்றாள் மகள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை அன்றுவரை வீட்டில் நான் முழுமையாகச் சொல்லவில்லை. அக்கடையின் படிக்கட்டில் அமர்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

மாலை நான்கு மணிக்கு அடையாற்றில் மருத்துவரைக் காண வேண்டும். நந்தனம் வழியாகக் கோட்டூர்புரம் பாலத்தைக் கடந்து ஆட்டோவில் சென்றோம். ஆற்றின்மேல் விரிந்த வானத்தில் மறுபடியும் என் ஈக்கள் பறந்தன. அவற்றை எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

மருத்துவர் சோதித்துவிட்டு நிதானமாக விளக்கினார். லேசருக்குப் பின் சில நாள், சில வாரம் மங்கல் இருப்பதுண்டு. கசிந்த இரத்தம் கரைய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். புள்ளிகள் மெல்ல அடியில் படியும். சூடிட்ட ஓரம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. "போனதை மீட்க நாங்கள் லேசர் செய்யவில்லை, இருப்பதைக் காக்கவே செய்தோம்" என்றார். ஆனால் புள்ளிகள் திடீரென மழைபோல் பெருகினாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் தோன்றினாலோ, நேர் கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, தாமதம் கூடாது. விழித்திரை பிரிந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான்; அன்றே வர வேண்டும் என்று எச்சரித்தார்.

சொட்டு மருந்தால் விரிந்த கண்ணோடு வெளியே வந்தபோது மக்ரிபு நேரம். வாகன விளக்குகள் ஒவ்வொன்றும் சிதறிய சூரியனாகத் தெரிந்தன. உஸ்மான் சாலையில் நான் கைபிடித்துக் கடக்கவைத்த சிறுமி, இன்று என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். திரு.வி.க. பாலத்தை நெருங்கும்போது பிரம்மஞான சபையின் வாசல் வந்தது. உள்ளே உள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் வீசிய புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. ஆயினும் விழுதுகளால் ஆலமரம் நிற்கிறது. நடுவை இழந்து ஓரங்களால் அது வாழ்கிறது. ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காத்துக்கொண்டவன் நான். எஞ்சியதைக் கொண்டு நிற்பதில் எங்களிருவருக்கும் வேற்றுமை இல்லை.

மறுநாள் மத்ரஸாவில் அச்சின்மேல் பழிபோட்ட உண்மையைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். அன்று திருத்திய சிறுவனையே அருகில் அமர்த்தி, "நான் புள்ளி தவறினால் நீ சொல்ல வேண்டும்" என்றேன். பெரிய எழுத்துப் பிரதி ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். விளக்கைத் தலைக்குப் பின்னால் வைத்துப் படிக்கிறேன். இரவில் படி இறங்கும்போது சுவரைப் பற்றிக்கொள்கிறேன். புள்ளிகள் முன்னிலும் குறைந்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே, இதை எழுதிய நோக்கம் இதுவே. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ளவர் ஒருவரேனும் இருக்கக்கூடும். பார்வை தெளிவாக இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை பாவையை விரித்துக் கண்ணைச் சோதித்துவிடுங்கள். இந்நோய் வலிக்காமல் வரும். பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1819இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இந்நகரிலேயே இருக்கிறது. நான் பதினொரு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். நீங்கள் இந்த வாரமே செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், கண்ணில் இல்லாத புள்ளி தாளிலும் விழாது.